பிடியரிசியும் பேராசிரியர் இருக்கையும்

விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடம் பிடியரிசியால் வளர்ந்த வரலாற்றைத் தென்மாவட்டத்து மக்கள் நன்கு அறிவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூர் நாடார் பெருமக்கள் சத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளியைத் தொடங்கினர். செல்வர் சிலரின் கொடையை மட்டும் நம்பி அவர்கள் அதனை நடத்தவில்லை. வீடுதோறும் உலை வைக்கும் வேளையில் பள்ளிக்கென்று ஒரு பிடி அரிசி தனியே எடுத்து வைக்கப்பெற்றது. கடைத்தெருவில் வணிகர்கள் தத்தம் வாணிகத்திற்கேற்ப மகமை செலுத்தினர். பலருடைய சிறு கொடைகள் சேர்ந்து ஆசிரியர்க்குச் சம்பளமாயின. ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவாயின. காமராசர் சிறுவராய் இருந்தபோது பயின்ற பள்ளிகளுள் அதுவும் ஒன்று.

இம்மரபை இங்கு நாம் நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. பள்ளிக்கூடத்திற்குப் பிடியரிசி கொடுத்த மண், உயர்கல்விக்கு அதனையொத்த ஒன்றைக் கொடுக்க இயலுமா என்பதே நம் எண்ணத்தில் எழும் வினா. குறிப்பாக, மொழி, இலக்கியம், வரலாறு, மெய்யியல் ஆகிய கலைத் துறைகளில் பிறநாட்டு, பிறமாநில அறிஞரைச் சில காலம் அழைத்து வந்து கற்பிக்கச் செய்யும் 'வருகைதரு பேராசிரியர்' என்னும் ஏற்பாட்டைப் பற்றியே இக்கட்டுரையில் சிந்திக்க விழைகிறோம். இது பெருநகரப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் உரிய ஆடம்பரம் என்று பலர் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

நடந்து சென்ற ஆசான்கள்

ஆசிரியர் ஊர்விட்டு ஊர் சென்று கற்பிப்பது புதிய வழக்கமன்று. நம் காஞ்சியில் பிறந்ததாகக் கூறப்பெறும் தருமபாலர் வடக்கே நெடுந்தூரம் சென்று, நாளந்தாப் பெருங்கல்விச் சாலையின் தலைமை ஆசானாக விளங்கினார். ஐரோப்பாவில் பல்கலைக்கழகங்கள் தோன்றிய காலத்திலும் ஆசான்கள் ஓரிடத்தில் வேரூன்றி நின்றுவிடவில்லை. புனித தோமா அக்குவினாரையே எடுத்துக்கொள்வோம். இத்தாலியில் பிறந்த அவர் பாரிசுப் பல்கலைக்கழகத்தில் இருமுறை பேராசிரியராய் அமர்ந்தார். முதன்முறை 1256 முதல் 1259 வரை, மறுமுறை 1268 முதல் 1272 வரை. பின்னர் நேப்பிள்சு நகருக்கு வந்து கற்பித்தார். ஓரிடத்தில் எழுந்த வினாவுக்கு மற்றோரிடத்தில் விடை எழுதினார். கிரேக்க அரிசுடாட்டிலையும் அரபு உரையாசிரியர்களையும் கிறித்தவ மறையியலோடு ஒருங்குவைத்து அவரால் எண்ண முடிந்ததற்கு, பல நாட்டு மாணவரும் ஆசிரியரும் கூடிய அந்த நகரங்களும் ஒரு காரணம் எனலாம்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வழக்கம் அரசுகளின் திட்டமாக உருப்பெற்றது. இரண்டாம் உலகப்போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், அமெரிக்க நாடு புல்பிரைட் திட்டத்தைச் சட்டமாக்கியது. 1950இல் இந்தியாவும் அதில் இணைந்தது. அதே 1950இல் மௌலானா அபுல் கலாம் ஆசாத்தின் முயற்சியால் இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகம் தோன்றியது. பிற நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு நம் பேராசிரியர்களை அனுப்பும் பணியை அக்கழகம் மேற்கொண்டது. போலந்து நாட்டு வார்சா பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்க நம் ஆசிரியர்கள் சென்று வந்தது இவ்வழியேதான். போர் முனையில் சந்தித்த நாடுகள் வகுப்பறையில் சந்திக்கட்டும் என்பதே இத்திட்டங்களுக்கு அடிப்படையாய் அமைந்த நம்பிக்கை.

தனிநாயகம் அடிகள்

இந்நம்பிக்கையைத் தமிழுக்காகத் தம் வாழ்வாலேயே மெய்ப்பித்துக் காட்டியவர் நம் கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர். சேவியர் தனிநாயகம் அடிகள் 1913ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் யாழ்ப்பாணத்தை அடுத்த தீவகத்தில், ஊர்காவற்றுறைக்கு அருகில் உள்ள கரம்பொன் என்னும் ஊரில் பிறந்தார். உரோமையில் மறையியல் பயின்று 1938இல் குருவாகத் திருநிலை பெற்றார். பின்னர்த் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியாற்ற வந்தார். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், புனித தெரேசா பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றார். இலத்தீனும் இத்தாலியமும் பிற ஐரோப்பிய மொழிகளும் அறிந்த அவருக்குத் தமிழ் இலக்கியப் பயிற்சி அப்போது மிகக் குறைவு. அதனை அங்கே உணர்ந்த அடிகள், பள்ளியில் ஆசிரியராய் இருந்துகொண்டே, ஒரு பண்டிதரிடம் மாணவராய் அமர்ந்து சங்க நூல்களைப் பாடங்கேட்டார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முதுகலைப் பட்டமும், பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை பற்றிய ஆய்வுக்கு இலக்கிய முதுவர் பட்டமும் பெற்றார்.

அதன்பின் அவர் செய்ததே நம் பொருளுக்கு இன்றியமையாதது. 1949 முதல் 1951 வரை சப்பான், அமெரிக்க ஐக்கிய நாடுகள், தென்னமெரிக்கா முதலிய நாடுகளில் பயணம் செய்து தமிழைப் பற்றி உரையாற்றினார். இந்தியவியல் என்றால் வடமொழி ஆராய்ச்சி என்று மட்டும் எண்ணிவந்த அறிஞர் அவைகளில், இரண்டாயிரம் ஆண்டுத் தொன்மையும் இன்றைய வாழ்வும் ஒருங்கே உடைய மொழியொன்று தென்னாட்டில் உண்டு என எடுத்துரைத்தார். 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். தமிழறியாத உலகினருக்குத் தமிழைச் சொல்ல வேண்டுமாயின் அவர்கள் அறிந்த மொழியில் சொல்ல வேண்டும் என்னும் தெளிவு அவரிடம் இருந்தது.

பயணம் அவருக்குக் கொடுக்கும் வாய்ப்பாக மட்டும் இருக்கவில்லை. தேடும் வாய்ப்பாகவும் இருந்தது. லிசுபனில் 1554இல் உரோமன் எழுத்தில் அச்சேறிய தமிழ் மறைக்கல்வி நூலையும், அன்றிக் என்றிக்கசு அடிகள் முத்துக்குளித்துறை மக்களுக்காக 1586இல் அச்சிட்ட அடியார் வரலாற்றையும் அவர் ஐரோப்பிய நூலகங்களில் கண்டு ஆய்வுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தார். அந்தாவோ தெ புரோவென்சா அடிகள் தொகுத்து 1679இல் வெளிவந்த தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியின் படியை வத்திக்கான் நூலகத்திலிருந்து எடுத்து, 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்புச் செய்தார். நம் முன்னோர் கையிலிருந்து கடல் கடந்து போன நூல்கள், கடல் கடந்து சென்ற ஓர் ஆசிரியரின் கண்ணில் பட்டன. உள்ளூரிலேயே இருந்திருந்தால் அவை கிடைத்திரா.

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராய் இருந்த அடிகள் 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவரானார். 1964 சனவரியில் புதுதில்லியில் கீழைக்கலை அறிஞர் மாநாடு நடந்தபோது, அங்கு வந்திருந்த பன்னாட்டு அறிஞரை ஒன்றுகூட்டி உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தார். பிரெஞ்சு அறிஞர் பிலியோசா தலைவரானார். அடிகளும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபிலும் செயலர்களாயினர். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966 ஏப்பிரலில் கோலாலம்பூரில் கூடியது. 1968இல் சென்னையிலும் 1970இல் பாரிசிலும் 1974இல் யாழ்ப்பாணத்திலும் தொடர்ந்தது.

மலாயாவிலிருந்து 1969இல் விடைபெற்ற அடிகள், பாரிசிலும் நேப்பிள்சிலும் வருகைதரு பேராசிரியராகக் கற்பித்தார். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் தோமா அக்குவினார் கற்பித்த அதே இரு நகரங்கள்! அக்குவினாரைப் பயின்று குருவானவர், அவர் நடந்த தெருக்களில் தொல்காப்பியர் நாட்டின் செய்தியைக் கொண்டு சென்றார். 1980 செப்டம்பர் முதல் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். நான்கு திங்கள் கழித்து, 1981 சனவரியில், ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் கூடியது. விருதுநகரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் அடையும் தொலைவில், உலகத்து அறிஞர் பலர் வந்து அமர்ந்தனர். அவர்களை ஒன்றுகூட்டிய கை அப்போது ஓய்ந்திருந்தது.

ஆளுக்கு ஒரு வெள்ளி

அடிகள் தலைமையேற்ற மலாயாத் துறையின் தோற்றத்தில் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தது. அத்துறையில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்குமா என்னும் ஐயமும் உடன் எழுந்தது. சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' இதழை நடத்திய கோ. சாரங்கபாணி அவர்கள், 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்று வேண்டினார். தோட்டத்தில் பால்மரம் சீவியவரும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும் தம் வெள்ளியைக் கொடுத்தனர். 1956இல் துறை தொடங்கப்பெற்றது. தமிழ் அதன் மொழியாயிற்று.

கொடுத்தவர்களுள் பலர் அப்பல்கலைக்கழகத்தின் வாயிலைக்கூட மிதித்திருக்க மாட்டார்கள். ஆயினும் அவர்களுடைய வெள்ளிக் காசு இடம் வகுத்த துறையில்தான் பின்னாளில் ஓர் அறிஞர் வந்து அமர்ந்தார். உலகத் தமிழ் மாநாடு அங்கிருந்து புறப்பட்டது. விருதுநகரின் பிடியரிசிக்கும் மலாயாவின் ஒரு வெள்ளிக்கும் இடையே உள்ள உறவை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. அதே உணர்வே 1990களில் கலிபோர்னியாவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழிருக்கை அமையத் துணை நின்றது. ஆர்வர்டு தமிழிருக்கைக்காக உலகத் தமிழர் 60 இலட்சம் டாலர் திரட்டி 2018இல் இலக்கை எட்டியதும் அவ்வுணர்வாலேயே. அதில் தமிழக அரசு கொடுத்த 10 கோடி ரூபாயும் அடங்கும்.

விருதுநகரிலிருந்து பெர்க்லி வரை

விருதுநகருக்கும் இவ்வரலாற்றில் நேரிய தொடர்பு உண்டு. 1947இல் அங்குத் தோன்றிய செந்திக்குமார நாடார் கல்லூரியில் தொடக்கக் காலத்தில் தமிழ் கற்பித்தவர் பேராசிரியர் சி. இலக்குவனார். 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் காமராசரை எதிர்த்து நின்ற ஜி.டி. நாயுடுவுக்காகப் பரப்புரை செய்ததை ஒட்டி அவர் அக்கல்லூரியை விட்டு நீங்க நேர்ந்தது. பின்னாளில் மதுரைத் தியாகராசர் கல்லூரியிலும் ஐதராபாத்து உசுமானியாப் பல்கலைக்கழகத்திலும் அவர் தமிழ்ப் பணி தொடர்ந்தது. தொல்காப்பியத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, ஆய்வுரையுடன் 1963இல் வெளியிட்டார். தமிழறியாத மொழியியலாளர் தமிழிலக்கணத்தை அணுக அந்நூல் ஒரு வாயிலாயிற்று.

அவர் மகனார் பேராசிரியர் மறைமலை இலக்குவனார் 1990களின் பிற்பகுதியில் பெர்க்லியில் வருகைதரு பேராசிரியராகப் பணியாற்றினார். அங்குத் தமிழிருக்கையில் இருந்தவர் சார்சு ஆர்ட்டு. மறைமலை அவர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க, தமிழ் ஏன் செம்மொழி என்பதை விளக்கி ஆர்ட்டு அவர்கள் 2000 ஏப்பிரலில் ஒரு மடல் எழுதினார். வடமொழியும் இலத்தீனும் கிரேக்கமும் அறிந்த ஒருவர், தமிழ் அறியாதோர்க்கும் விளங்கும் வகையில் கூறிய சான்று அது. செம்மொழிக் கோரிக்கை நெடுங்காலமாகத் தமிழறிஞர் பலர் முன்வைத்து வந்ததே. ஆயினும் அம்மடல் அதற்குப் பெருவலிமை சேர்த்தது. 2004இல் நடுவணரசு தமிழைச் செம்மொழியென அறிவித்தது. சில திங்கள் ஒரு பல்கலைக்கழகத்தில் தங்கிப் பழகியதால் விளைந்த நட்பும் மதிப்பும் ஒரு மொழியின் நிலையையே உயர்த்தத் துணை செய்தன. வருகைதரு பேராசிரியர் என்பவர் வெறும் விருந்தினர் அல்லர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வந்தோர் கண்ட நாம்

சென்றவர்களைப் பற்றிக் கூறினோம். வந்தவர்களையும் எண்ணிப் பார்ப்போம். அமெரிக்க அரசியல் அறிஞர் இராபர்ட்டு ஆர்டுகிரேவு 1960களில் தமிழகத்திற்கு வந்து ஆராய்ந்து, நாடார் சமூகத்தைப் பற்றிய நூலை 1969இல் வெளியிட்டார். கோயில் நுழைவு மறுக்கப்பெற்ற மக்கள், 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலவரத்தின் கொடுமையைக் கண்டவர்கள், மகமையாலும் கல்வியாலும் சங்கத்தாலும் தம்மை உயர்த்திக்கொண்ட வரலாற்றை அந்நூல் உலகிற்கு எடுத்துரைத்தது. நமக்கு அன்றாட வழக்கமாய்த் தோன்றிய மகமை, வெளியிலிருந்து வந்தவர்க்குச் சமூக மாற்றத்தின் திறவுகோலாய்த் தோன்றியது. அருகில் இருப்பதாலேயே நாம் காணத் தவறுவதைத் தொலைவிலிருந்து வருபவர் காட்டுவார்.

ஆனால் இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வருபவர் குறிப்பெடுத்துக்கொண்டு திரும்பிச் சென்று, தம் நாட்டில் தம் மொழியில் நூல் வெளியிட்டால், அந்நூலில் இடம்பெற்ற மக்களின் பிள்ளைகள் அதைப் படிக்க இயலுமா? அவர்தம் கல்லூரி நூலகத்தில் அது இருக்குமா? கற்பிக்காமல் ஆராய மட்டும் வருபவர் சுரங்கம் தோண்டுபவரைப் போன்றவர். கற்பிக்கவும் வருபவரே உழவர். ஒரு வாரம் வந்து, மாலை அணிந்து, ஓர் உரை நிகழ்த்தி, நிழற்படம் எடுத்துக்கொண்டு செல்வதும் பயன் தராது. தனிநாயகம் அடிகள் வடக்கன்குளத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கினார், கற்பித்தார், தாமும் கற்றார். அதுவே நம் அளவுகோலாக அமைய வேண்டும்.

வெடிமருந்து நாட்டில் ஓர் இருக்கை

இனி, சிவகாசிக்கு வருவோம். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். மழை குறைந்த கரிசல் மண்ணில், வேளாண்மை சோறு போடாத ஊரில், அந்தப் பயணமே தொழில் வளர வித்தாயிற்று. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. தீப்பெட்டி லேபிளுக்கான தேவை அச்சுத் தொழிலை வளர்த்தது. ஆக, வெளியூர் சென்று கற்றுவந்து ஊரை உயர்த்துவது என்பது சிவகாசிக்கு அயலான கருத்தன்று. அத்தொழிற்செல்வத்திலிருந்து அய்ய நாடார் சானகி அம்மாள் கல்லூரி 1963இலும், பெண்களுக்கான இராசரத்தினம் கல்லூரி 1968இலும் தோன்றின. விருதுநகரில் வன்னியப்பெருமாள் மகளிர் கல்லூரி 1962 முதல் இயங்குகிறது. வெடிக்குழாய் உருட்டிய தாயின் மகளும், சரம் பின்னிய தந்தையின் மகனும் பட்டம் பெற இத்தகைய கல்லூரிகள் வழி திறந்தன.

ஆனால் அப்பிள்ளைகளுள் எத்தனை பேர் வரலாற்றையோ இலக்கியத்தையோ மெய்யியலையோ விரும்பித் தேர்ந்தெடுக்கின்றனர்? 'கலைப் படிப்பு வயிற்றுக்குச் சோறு போடுமா?' என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. பிறநாட்டுப் பேராசிரியரை அழைத்துவர நடுவணரசு 2015இல் கொணர்ந்த 'கியான்' திட்டமும் பெரிதும் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களை நோக்கியே தொடங்கியது. சிற்றூர்க் கலைக் கல்லூரிகளின் வாயிலை அத்தகைய திட்டங்கள் எளிதில் எட்டுவதில்லை.

எனினும் வேறொரு வினாவையும் நாம் கேட்டாக வேண்டும். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் மீண்டும் அவ்வாறே பலர் மாண்டனர். நாளிதழ் எண்ணிக்கையை வெளியிட்டது. அரசு இழப்பீடு அறிவித்தது. சில நாளில் மற்றொரு செய்தி வந்தது. மாண்டவர் யார், எவ்வூரிலிருந்து வந்தனர், எவ்வயதில் கட்டை அடுக்கத் தொடங்கினர், என்ன பாட்டுப் பாடினர், எதைக் கனவு கண்டனர் என்பதை எழுதி வைப்பது வேதியியலின் வேலையன்று, பொறியியலின் வேலையுமன்று. அது வரலாற்றின் வேலை, இலக்கியத்தின் வேலை. வணிகர் உயர்ந்த வரலாற்றை அயல்நாட்டார் ஒருவர் வந்து எழுதினார். மருந்து நெடியில் உழைத்தவர் வரலாற்றை அவர்தம் பிள்ளைகளே எழுதட்டும். அதற்குக் கைப்பயிற்சி வேண்டும். வாய்மொழி வரலாற்றைத் திரட்டும் முறை, ஆவணக் காப்பகத்தில் தேடும் முறை, நாட்டுப்புறப் பாடலைப் பதிவு செய்யும் முறை ஆகியவற்றை அறிந்த ஆசான் ஒருவர் இங்கு வந்து ஓராண்டேனும் தங்க வேண்டும். பாளையங்கோட்டைப் புனித சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியலை ஒரு துறையாகவே வளர்த்துக் காட்டியது. தென்மாவட்டத்தில் அது இயலாத செயலன்று.

இதற்குப் பெருந்தொகை வேண்டும் என்று மலைக்க வேண்டா. மாவட்டத்துக் கல்லூரிகள் ஒன்றுகூடி ஓர் இருக்கையை ஏற்கலாம். ஆண்டுக்கு ஓர் அறிஞர் போதும். அவர் அமெரிக்காவிலிருந்துதான் வரவேண்டும் என்பதும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வங்கத்திலிருந்தோ வரலாம். இளங்கலை மாணவர்க்குக் கற்பிக்க வேண்டும். மாணவரோடு சேர்ந்து ஒரு நூலையேனும் தமிழில் முடித்துத் தந்து செல்ல வேண்டும் என்னும் இரண்டு விதிகளை மட்டும் விதித்தல் நன்று. அதற்கு ஈடாக, இங்குள்ள இளம் ஆசிரியர் ஒருவர் ஆண்டுதோறும் வெளியே சென்று கற்பித்து வரட்டும். வருவதும் செல்வதும் இணைந்தால்தான் அறிவு ஒருவழிப் பாதையாகாது.

பொதுநிலையினராகிய நமக்கு இதில் பங்கு உண்டு. தனிநாயகம் அடிகள் நம் திருச்சபையின் மைந்தர். அவருக்குச் சிலை எழுப்புவதும் விழா எடுப்பதும் நன்றே. அவர் செய்த செயலை அவர் அறியாத ஓர் ஊரில் தொடர்வது அதனினும் நன்று. நம் பங்குகளில் படித்து முன்னேறியவர் பலர் வெளிநாடுகளில் பேராசிரியராகவும் ஆய்வாளராகவும் உள்ளனர். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, உறவினர் வீட்டு விருந்துக்கு நடுவே, அருகில் உள்ள கல்லூரியில் சில வாரம் வகுப்பெடுத்தால் அதுவும் ஒரு பிடியரிசியே. நூறு ஆண்டுகளுக்கு முன் விருதுநகர்ப் பெண்கள் உலை வைக்குமுன் யாரோ ஒரு பிள்ளையின் படிப்பை நினைத்தனர். அந்நினைவு இன்னும் ஒரு படி உயர்ந்து, கல்லூரி வாயிலையும் எட்டட்டும்.